நிலத்தின் குளிரும் மனிதனின் படுக்கையும்

குளிரென்றாற் போர்வையைத் தேடுவது மக்கள் இயல்பு. ஒரு கம்பளி போதாதாயின் இரண்டாவதை எடுப்பர். அதுவும் போதாதாயின் மூன்றாவதை நாடுவர். ஆயினும், குளிர்காலத்திலே திறந்த வெளியிற் கூடாரம் அடித்து ஓரிரவு தங்கியவர் எவரும் வேறோர் உண்மையை உணர்ந்திருப்பர். மேலே எத்தனை போர்வை இருப்பினும், கீழே தக்க விரிப்பு இல்லாவிடின், நடுச்சாமத்தில் முதுகும் இடுப்பும் விறைத்து உறக்கம் கலைந்துவிடும். காற்றின் குளிரைக் காட்டிலும் நிலத்தின் குளிர் வலியது, ஓசையின்றி வருவது, விடியும்வரை ஓயாதது. இக்குளிரை மனிதன் எவ்வாறு அறிந்தான், எவ்வெப் பொருள்களைக் கொண்டு அதனைத் தடுத்தான், இன்று ஒரு விரிப்பைத் தெரிந்தெடுப்பவன் எதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பன ஆராயத்தக்கன. அற்பமெனத் தோன்றும் இப்பொருளின் வரலாற்றிலே உயிர் காத்தலும் உயிர் இழத்தலும் அடங்கியிருக்கின்றன.

முதற்கண், போர்வை எவ்வாறு சூடு தருகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். உண்மையிற் போர்வை சூட்டைத் தருவதில்லை. உடலின் சூட்டை வெளியே போகாவண்ணம் மறிக்கின்றது. அவ்வாறு மறிப்பதும் கம்பளி இழையன்று. இழைகளுக்கிடையே அசைவற்று நிற்கும் காற்றேயாகும். அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். நீரோ அக்காற்றிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்தும். எனவே, உலர்ந்ததாய், தடித்ததாய், உள்ளே காற்றை அசையவிடாது பிடித்து வைப்பதாய் உள்ள எதுவும் நல்ல போர்வையாகும். பறவைத் தூவி இவ்வகையிற் சிறந்தது. ஆனால், அதே தூவியை உடலின் கீழே இட்டால், உடலின் பாரம் அதனை நசுக்கிவிடும், காற்று வெளியேறிவிடும், எஞ்சுவது மெல்லிய துணி ஒன்றே. அத்துணிக்கு அப்பால் நிலம். நிலமோ எல்லையற்ற குளிர்ப் பாத்திரம். ஓரிரவு முழுவதும் ஒருவன் தன் சூட்டை அதனுள் வார்த்தாலும் அது நிறைவதில்லை. ஆகவே, குளிர்நிலத்திற் படுப்பவனுடைய பிரச்சினை இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும்: உடலின் பாரத்தால் நசுங்காத காற்றை உடலின் கீழே வைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு மனிதன் காலந்தோறும் கண்ட விடைகளே படுக்கை விரிப்பின் வரலாறு எனலாம்.

வெப்பநாட்டு மக்களாகிய தமிழருக்கு இவ்வினா இத்துணைக் கூர்மையாக எழுந்ததில்லை. கோரைப்பாயும் பனையோலைப் பாயும் நிலத்தின் ஈரத்தையும் தூசியையும் தடுப்பன. ஆயின், நிலத்தின் தண்மையை முற்றாகத் தடுப்பனவல்ல. கோடை இரவிலே அத்தண்மையே வேண்டப்படுவது. எனினும், தமிழர் மெத்தையின் இயல்பை அறியாதவரல்லர். அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என ஐவகைப் பொருள்களாலாகிய படுக்கையைப் பஞ்ச சயனம் என நம் முன்னோர் வழங்கினர். அரசரும் செல்வரும் மென்மை கருதிக் கொண்ட அப்பொருள்களுள்ளே தூவியும் மயிரும், குளிர்நாடுகளில் உயிர் கருதித் தேடப்பட்ட பொருள்களாகவும் விளங்கின. ஒரு நாட்டிற் சுகமாயிருப்பது மற்றொரு நாட்டிற் காவலாகின்றது.

மனிதன் படுக்கை விரித்தது எப்பொழுது தொடங்கியென்பதற்குத் தென்னாபிரிக்காவிலே வியப்பூட்டும் சான்றுகள் கிடைத்துள்ளன. அங்கே எசுவாத்தினி நாட்டின் எல்லையை ஒட்டிய லெபொம்போ மலைத்தொடரில், 'எல்லைக் குகை' எனப் பெயர்பெற்ற குகையொன்று உண்டு. ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அக்குகையில் வாழ்ந்தோர் சாம்பற் படையின்மேற் புல்லைப் பரப்பிப் படுத்தனர் என்பது 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெரியவந்தது. ஊரும் பூச்சிகள் சாம்பலைக் கடந்து எளிதில் வரமாட்டா என்பதை அவர்கள் கண்டிருந்தனர் போலும். அதே நாட்டிற் சிபுடு என்னும் பாறைக் குகையில் 77,000 ஆண்டுப் பழைமை வாய்ந்த படுக்கைகள் காணப்பட்டன. அவை கோரையினத் தாவரங்களாலானவை. மேலே பூச்சிகளை விரட்டும் மணமுள்ள இலைகள் பரப்பப்பட்டிருந்தன. இச்செய்தி 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கோரைப்பாயில் உறங்கும் நம்மவர் எத்துணைத் தொன்மையான வழக்கொன்றின் வாரிசுகள் என்பது இதனாற் புலனாகும். உலர்ந்த புல்லின் தண்டு உள்ளே புழையுடையது. பாரத்தை ஓரளவு தாங்குவது. தண்டுகளுக்கிடையே காற்றை நிறுத்துவது. மனிதன் கண்ட முதல் விடை இதுவே.

பனி மூடிய வடதுருவ நாடுகளில் விடை வேறாக அமைந்தது. முன்னர் எஸ்கிமோவர் எனப்பட்ட இனுயிட் மக்கள் பனிக்கட்டியாற் குடில் அமைக்கும்பொழுது, உள்ளே உறங்குமிடத்தை வாயிலினும் உயரமான மேடையாக அமைப்பர். சூடான காற்று மேலெழும். குளிர்காற்றுத் தாழ்ந்த வாயிற்பக்கம் தங்கும். அம்மேடையின்மேற் செடிக்குச்சிகளாலான விரிப்பையிட்டு, அதன்மேல் கரிபு எனப்படும் வடதுருவ மானின் தோல்களை இரண்டு படையாக விரிப்பர். கீழ்த்தோலின் மயிர் கீழ்நோக்கியும் மேற்றோலின் மயிர் மேல்நோக்கியும் இருக்கும். அம்மானின் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே காற்றறைகள் நிறைந்தது. ஆதலின் உடலின் பாரம் அக்காற்றை எளிதில் வெளியேற்ற இயலாது. ஸ்கந்தினேவியாவின் வடபகுதியில் வாழும் சாமி மக்களும், தம் கூடாரத் தரையில் பேர்ச் மரத்தின் சிறு கிளைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் கலைமான் தோலை விரித்தனர். கிளைகள் உடலை ஈரத்திலிருந்து உயர்த்தின. தோல் சூட்டைக் காத்தது. ஆய்வுகூடம் காணாத மக்கள் அனுபவத்தால் வகுத்த இம்முறையிற் குறை காண்டல் அரிது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் துருவங்களை நோக்கிச் சென்றபொழுது இவ்வறிவைப் பெரிதும் கடனாகப் பெற்றனர். நோர்வே நாட்டு நான்சனும் அவருடைய துணைவர் யொஹான்சனும் 1895ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 'ஃப்ராம்' என்னும் கப்பலை விட்டுப் பனிமேல் வடக்கு நோக்கி நடந்தனர். வடதுருவத்தை எட்ட இயலாது திரும்பி, ஃபிரான்ஸ் யோசெப் தீவுக்கூட்டத்திலே கல்லாலும் வால்ரஸ் தோலாலும் அமைத்த குடிலொன்றில் அக்குளிர்காலத்தைக் கழித்தனர். படுக்கையோ கற்களின்மேல் விரித்த கரடித்தோல். தனித்தனியே படுத்துப் பார்த்துக் குளிர் தாங்காது, இருவரும் ஒரே உறக்கப்பையினுட் புகுந்து கிடந்தனர். 1896ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்விடத்தை விட்டு நீங்கும்வரை அக்கற்படுக்கையே அவர்களுக்குப் பஞ்சணையாயிருந்தது.

இதனினும் கொடியது 1911ஆம் ஆண்டிலே தென்துருவப் பகுதியில் நிகழ்ந்த ஒரு பயணம். ஆங்கிலேயக் கப்பற்றலைவர் ஸ்கொட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கரார்ட் என்னும் மூவர், பேரரசப் பெங்குவின் பறவையின் முட்டைகளைப் பெறும்பொருட்டு, ஜூன் 27ஆம் நாள், சூரியனே தோன்றாத நடுக்குளிர்காலத்திற் புறப்பட்டனர். வெப்பநிலை பரனைற்று அளவையிற் பூச்சியத்துக்குக் கீழ் 77.5 பாகை வரை, அதாவது சதம அளவையில் ஏறத்தாழ 61 பாகை வரை, இறங்கியது. அவர்கள் கொண்டு சென்றவை கலைமான் தோலாலான உறக்கப்பைகள். அக்காலத்தில் அவற்றினும் சிறந்தவை இல்லை. ஆனால், உடலின் வியர்வையும் மூச்சின் ஈரமும் பைகளினுள் உறைந்தன; இரவிற் பனிக்கட்டி சிறிது உருகி மயிர்களுக்கிடையே பரவிற்று; பகலில் மீண்டும் இறுகிற்று. புறப்படும்பொழுது உட்பைகளுடன் 52 இறாத்தல் நிறையிருந்த மூன்று உறக்கப்பைகளும், ஓகஸ்ட் 1ஆம் நாள் திரும்பி வந்தபொழுது 118 இறாத்தல் நிறையிருந்தன. மிகுதி 66 இறாத்தலும் பனிக்கட்டியே. பலகைபோல் இறுகிய பையினுட் புகுவதே ஒவ்வோரிரவும் பெரும்பாடாயிற்று. மூவரும் உயிருடன் மீண்டனர். மூன்று முட்டைகளும் வந்து சேர்ந்தன. ஆனால், வில்சனும் பவர்ஸும் அடுத்த ஆண்டிலே தென்துருவம் சென்று திரும்பும் வழியில் ஸ்கொட்டுடன் மாண்டனர். எஞ்சிய செரி-கரார்ட் 1922ஆம் ஆண்டில் இக்கதையை நூலாக எழுதினார். காற்று நிற்க வேண்டிய இடத்தில் நீர் புகுந்தால் எத்துணைச் சிறந்த தோலும் பயனற்றுவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

துருவங்களுக்குச் செல்லாத, காட்டிலும் மலையிலும் உலாவிய மக்களின் வழக்கம் யாது? வட அமெரிக்காவிலே பால்சம் ஃபேர் மரத்தின் கிளைநுனிகளை வெட்டி, கூரைக்கு ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படுக்கை செய்வர். மணமும் மென்மையும் உடைய அப்படுக்கையைக் கெபார்ட் போன்ற காட்டுவாழ்வு நூலாசிரியர் விரித்துரைத்தனர். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவுல் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, கோல்களை நட்டு எளிய தறியொன்று அமைத்து, வைக்கோலாலோ புல்லாலோ மெத்தை நெய்யும் முறையைச் சிறுவருக்குக் கற்பித்தார். உடலின் மேலே இடும் போர்வையைப் போன்றே கீழே இடும் விரிப்பும் தடித்திருத்தல் வேண்டும் என்பது அவர் அறிவுரை. காடுகள் பரந்தும் செல்வோர் சிலராகவும் இருந்த காலத்திற் கிளைப்படுக்கை ஏற்றதாயிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பல்லாயிரவர் ஒரே தடங்களிற் செல்லத் தொடங்கியபொழுது, ஒவ்வொருவர்க்கும் ஓரிரவுக்கென ஒரு மரத்தை மொட்டையாக்குதல் காட்டுக்குக் கேடாயிற்று. சுமந்து செல்லக்கூடிய விரிப்பின் தேவை இதனால் மிகுந்தது.

அவ்வாறு சுமந்து செல்லும் விரிப்புக்கு வழிகாட்டியது இறப்பர். கிளாஸ்கோ நகரத்து மக்கின்ரொஷ் 1823ஆம் ஆண்டில் இறப்பர் பூசிய நீர்புகாத் துணிக்கு உரிமம் பெற்றார். அத்துணி குளிரில் முறுகியது, வெயிலிற் பிசுபிசுத்தது. அமெரிக்கரான குட்இயர் இறப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி அக்குறையை நீக்கும் வழி கண்டு, 1844ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். பின்னர் 1876ஆம் ஆண்டிலே கியூ பூங்காவிலிருந்து வந்த பிறேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகள் இலங்கையிற் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டமையும், தோட்ட இறப்பர் உலகெங்கும் மலிந்தமையும் நேயர் அறிந்தனவே. காற்றுப் புகாத துணி கிடைத்ததும் காற்றடைத்த மெத்தை பிறந்தது. நசுங்காத காற்று வேண்டுமென்ற பழைய வினாவுக்குக் காற்றையே சிறைப்படுத்தி விடை காண முயன்றனர். முள்ளும் கல்லும் உறுத்தாமல் உறங்க அது மிக ஏற்றது. ஆனால், எதிர்பாராத குறையொன்று வெளிப்பட்டது. பெரிய குழாய்களில் அடைபட்ட காற்று அசையாமல் நிற்பதில்லை. படுத்திருப்பவன் புரளுந்தோறும் மேலே சூடேறிய காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் கலந்து, உடலின் சூட்டை நிலத்துக்குக் கொண்டுபோயின. மெத்தை உயரமாயிருந்தும் உறங்குபவன் நடுங்கினான். காற்று இருந்தாற் போதாது, அது அசையாது இருத்தல் வேண்டும் என்னும் பாடம் மீண்டும் கற்கப்பட்டது.

குறைகள் இருப்பினும் காற்று மெத்தை உலகின் உச்சிவரை சென்றது. 1953ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் இரவு, எவரெஸ்ட் மலையில் ஏறத்தாழ 27,900 அடி உயரத்தில் ஹிலாரியும் தென்சிங்கும் கூடாரமடித்துத் தங்கினர். சமதரை கிடைக்காமையால் உறைந்த மண்ணையும் கல்லையும் அகழ்ந்து, ஒன்றற்கொன்று உயரம் வேறுபட்ட இரு திட்டுகளை அமைத்தனர். கீழ்த்திட்டின் விளிம்பிலே தென்சிங் தம் காற்று மெத்தையை விரித்துக் கிடந்தார். மேற்றிட்டில் ஹிலாரி பாதி அமர்ந்தும் பாதி சாய்ந்தும் இரவைக் கழித்தார். வெப்பநிலை சதம அளவையிற் பூச்சியத்துக்குக் கீழ் 27 பாகை. ஹிலாரி கழற்றி வைத்த சப்பாத்துகள் விடியுமுன் கல்லாக உறைந்துவிட, அடுப்பின்மேற் காய்ச்சி இளக்கவேண்டியதாயிற்று. மறுநாள் அவர்கள் அடைந்த புகழை உலகம் அறியும். அந்த உச்சிக்கு முந்திய இரவை அவர்கள் கடந்த வகையும் நினைக்கத்தக்கதே.

அக்காலத்தை அடுத்து இரசாயனத் தொழில் புதியதொரு விடையை அளித்தது. இறப்பரையும் பிளாத்திக்குப் பொருள்களையும் நுரைக்கச் செய்து, கோடிக்கணக்கான சிறு குமிழிகள் நிறைந்த தகடுகளை ஆக்கும் முறை வளர்ந்தது. இந்நுரைகள் இருவகைப்படும். ஒருவகையிற் குமிழிகள் ஒன்றோடொன்று திறந்து கிடக்கும், பஞ்சுபோல் மென்மையாயிருக்கும், நீரையும் பஞ்சுபோற் குடிக்கும். மற்றொன்றிற் குமிழிகள் தனித்தனி மூடப்பட்டிருக்கும், நீர் உட்புகாது, பாரத்தால் எளிதில் நசுங்காது. இம்மூடிய நுரை மலையேறுவோருக்கு வரப்பிரசாதமாயிற்று. அமெரிக்காவில் 'என்சோலைற்' என்னும் பெயரில் விற்கப்பட்ட நுரைத்தகடு 1960களிலே பலருடைய முதுகுப்பையில் இடம்பெற்றது. முள் தைத்தாலும் அதற்குக் கேடில்லை, மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டுப் படுக்கலாம், விலையும் குறைவு. கலைமானின் மயிரில் இயற்கை அமைத்த மூடிய காற்றறைகளை ஆலை நுரையில் அமைத்துத் தந்தது எனலாம். ஆனால், அது கடினமானது. சுருட்டினாற் பெருத்த இடம் பிடிப்பது. பனிமேற் படுக்க ஒரு தகடு போதாதது.

மென்மையும் சூடும் ஒருங்கே தரும் விரிப்பு, ஒரு தொழில் வீழ்ச்சியின் பின்னர்ப் பிறந்தது. அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாற்றில் நகரம் போயிங் என்னும் விமானக் கம்பனியை நம்பி வாழ்ந்தது. 1960களின் இறுதியில் விமானங்களுக்கான தேவை குன்ற, ஒரு இலட்சமளவில் இருந்த தொழிலாளர் தொகை 1971ஆம் ஆண்டில் 40,000க்கும் கீழே வீழ்ந்தது. வேலையிழந்த பொறியியலாளருள் ஜிம் லீ, நீல் அண்டர்சன் என்னும் இருவர் இருந்தனர். நுரைத்திண்டின்மேல் முழந்தாளிட்டுத் தோட்ட வேலை செய்துகொண்டிருந்த லீ, தம் பாரத்தால் திண்டிலுள்ள காற்று வெளியேறுவதைக் கவனித்தார் என்பர். அக்காற்றை வெளியேற விடாது அடைத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. மலையேற்றத்தில் ஈடுபாடுடைய ஜோன் பறோஸ் என்பவரும் சேர, மூவரும் 1972ஆம் ஆண்டில் 'காஸ்கேட் டிசைன்ஸ்' என்னும் கம்பனியைத் தொடங்கினர். திறந்த நுரைத்தகட்டின் இருபுறமும் காற்றுப் புகாத துணியை ஒட்டி, மூலையில் ஒரு திறப்பு வைத்தனர். திறப்பைத் திறந்தால் சுருண்டிருந்த நுரை தானே விரிந்து காற்றை உள்ளிழுக்கும். மூடினால் காற்று வெளியேறாது பாரத்தைத் தாங்கும். நுரையின் சிறு அறைகள் காற்றை அசையவிடா. நுரையின் அமைதியும் காற்றின் மென்மையும் ஒன்றாயின. 'தேம்-அ-றெஸ்ட்' எனப் பெயர்பெற்ற இவ்விரிப்பு, தானே காற்றடையும் மெத்தை என உலகெங்கும் பரவியது. விமானம் ஆக்கிய கைகள் நிலத்திற் படுப்போரின் குறையைத் தீர்த்தன.

அதன் பின்னர் வந்த மாற்றங்களும் அதே நெறியைச் சார்ந்தவை. காற்று மெத்தையினுள்ளே பறவைத் தூவியை நிரப்பினர். குழாய்களிலுள்ள காற்று பாரத்தைத் தாங்க, தூவி நசுங்காது நின்று அக்காற்றை அசையவிடாது தடுத்தது. பஞ்ச சயனத்துத் தூவி இவ்வாறு புதுவடிவிற் பனிமலையேறியது. வேறு சிலர் உலோகம் பூசிய மெல்லிய ஏடுகளை மெத்தையினுள் அமைத்தனர். அவை கதிர்வீச்சாகச் செல்லும் வெப்பத்தைத் திருப்பியனுப்பின. உள்ளே அடுக்கிய சிறு முக்கோண அறைகள் காற்றோட்டத்தைத் தடுத்தன. 2009ஆம் ஆண்டில் இவ்வகை மெத்தை சந்தைக்கு வந்தபின், ஓர் இறாத்தலளவு நிறையுள்ள விரிப்பிலே குளிரிரவைக் கழித்தல் இயல்வதாயிற்று.

பொருள்கள் பெருகவே, வாங்குவோனுக்குக் குழப்பமும் பெருகியது. விரிப்பொன்று வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்பதை 'ஆர்' என்னும் எழுத்தாற் குறிக்கப்படும் எண்ணொன்றால் அளப்பர். எண் உயர்ந்தால் தடையும் உயரும். ஆயின், நெடுங்காலம் ஒவ்வொரு கம்பனியும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்தது. சில கம்பனிகள் அளக்காமலே வெப்பநிலையை மட்டும் எழுதின. ஒருவர் 4 என்பதும் மற்றொருவர் 4 என்பதும் ஒன்றாயிருக்கவில்லை. ஊருக்கு ஊர் வேறுபட்ட மரக்காலால் நெல் அளந்த கதை போன்றது அது. 2018ஆம் ஆண்டிலே ஏ.எஸ்.ரி.எம். என்னும் நியம நிறுவனம் இதற்குப் பொதுமுறை ஒன்றை வெளியிட்டது. விரிப்பை இரு தகடுகளுக்கிடையே வைத்து, மேற்றகட்டை உடலைப்போல் 35 பாகை சதமத்திலும், கீழ்த்தகட்டை நிலத்தைப்போல் 5 பாகை சதமத்திலும் பேணி, மேற்றகட்டின் சூட்டைக் காக்க எவ்வளவு சத்தி வேண்டியிருக்கின்றது என அளப்பர். 2020ஆம் ஆண்டிலிருந்து பெயர்பெற்ற கம்பனிகள் பலவும் இம்முறையைக் கைக்கொண்டன. வாங்குவோன் ஒன்றையொன்று நேர்மையாக ஒப்பிடும் வாய்ப்பு அன்றுதான் உண்டாயிற்று.

இனி, குளிரிரவுக்கு விரிப்பைத் தெரிவது எங்ஙனம்? உறைபனியில்லாத, ஆயினும் குளிர்ந்த இரவுகளுக்கு 2 முதல் 4 வரையுள்ள மதிப்புப் பொதுவாகப் போதும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பகுதியிற் சில விடியல்களில் புல்மேல் உறைபனி படிவதுண்டு. அத்தகைய இடங்களுக்குச் செல்வோர் அவ்வெல்லையின் மேற்பகுதியை நாடுதல் நன்று. நிலம் உறைந்திருப்பின் 4க்கு மேலும், பனிமேற் படுப்பதாயின் 5க்கு மேலும் வேண்டும். இம்மதிப்பு கூட்டத்தக்கது என்பது அறியவேண்டிய செய்தி. மதிப்பு 2 உள்ள நுரைத்தகட்டின்மேல் மதிப்பு 3 உள்ள காற்று மெத்தையை இட்டால் 5 கிடைக்கும். காற்று மெத்தை துளைபட்டாலும் நுரைத்தகடு எஞ்சும். ஆதலின் கடுங்குளிரில் இரண்டையும் கொண்டு செல்வது அறிவுடைமை. விரிப்பு தோள் முதல் இடுப்பு வரையாவது உடலைத் தாங்கவேண்டும். பக்கவாட்டிற் படுப்போரின் இடுப்பெலும்பு நிலத்தைத் தொடாதவாறு தடிப்பும் வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் மெத்தையினுட் புகுமாதலின், காற்றுப்பையால் நிரப்புதலே ஏற்றது. முனைப் பயணத்து மூவரின் பைகளை ஈரம் என்ன செய்தது என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

பெரும்பாலோர் அறியாத மற்றொரு செய்தியும் உண்டு. உறக்கப்பைகளிற் குறிக்கப்படும் வெப்பநிலை எல்லை, சூடேற்றிய பதுமையொன்றைப் பையினுள் இட்டு அளக்கப்படுவது. 2002ஆம் ஆண்டில் ஐரோப்பா இதற்கெனப் பொதுநியமம் வகுத்தது. அப்பதுமையை வெறுந்தரையிற் கிடத்தி அளப்பதில்லை. குளிர் தடுக்கும் நல்ல விரிப்பொன்றின்மேற் கிடத்தியே அளப்பர். எனவே, விலையுயர்ந்த உறக்கப்பையை வாங்கி, அதனை மெல்லிய விரிப்பின்மேல் இடுபவன், அப்பையின்மேல் எழுதப்பட்ட சூட்டை ஒருபோதும் பெறமாட்டான். பணத்தைப் போர்வைக்கும் மிச்சத்தை விரிப்புக்கும் ஒதுக்குவது நெடுநாட் பிழை. இரண்டையும் ஒரே படுக்கையின் இரு பாதிகளாகக் கருதுவதே முறை.

இவையெல்லாம் உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் உரியன எனக் கருதுதல் பொருந்தாது. பூமியதிர்ச்சியாலும் போராலும் வீடிழந்து, குளிர்காலத்திற் கூடாரங்களில் வாழும் மக்கள் உலகில் எண்ணற்றோர். 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள் காஷ்மீரப் பகுதியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சி, இமயத்தின் குளிர்காலத்துக்குச் சில வாரங்களின் முன்னர் இலட்சக்கணக்கானோரை வீடற்றவராக்கியது. இத்தகையோருக்கு உதவும் நிறுவனங்கள் பின்பற்றும் 'ஸ்பியர்' என்னும் கைந்நூல், நிலத்தின் வழியே வெப்பம் போவதைத் தடுக்கும் விரிப்பை வழங்குதல் மேலும் சில போர்வைகளை வழங்குவதிலும் கூடிய பயன் தரலாம் எனக் கூறுகின்றது. பேடன் பவுல் சிறுவருக்குச் சொன்ன அறிவுரையும், இனுயிட் தாய் தன் பிள்ளைக்கு இரண்டு தோல்களை விரித்த வழக்கமும், இன்றைய நிவாரணக் கைந்நூலும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. மழலையையும் முதியவரையும் காக்கவேண்டிய கடுங்குளிர் இரவில் முதலில் நோக்கவேண்டியது, அவர்கள்மேல் எத்தனை போர்வை உண்டு என்பதன்று. அவர்களின் கீழே என்ன இருக்கின்றது என்பதேயாகும்.